செல்லரித்த பேக்கப்: ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வந்ததும் கரிவலத்துக்கு வராததும்

ராஜபாளையத்தில் பஸ் ஏறி வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில், பெரிய கோபுரம், பால்கோவா என்று எல்லோருக்கும் தெரிந்த ஊர். அதே ராஜபாளையத்தில் தெற்கே சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் கரிவலம்வந்தநல்லூர் என்று ஓர் ஊர் வரும். பால்வண்ணநாதர் கோயில் இருக்கும் ஊர். இந்தப் பக்கத்து ஆட்களைத் தவிர மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

இந்த இரண்டு ஊருக்கும் சம்பந்தப்பட்ட ஓலைச்சுவடிகள் அழிந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தப்பட்டதில் காணாமல் போன இடம் மறுபடி நிரப்பப்பட்டது. கரிவலத்தில் போனது போனதுதான். ஏன் அங்கே முடிந்தது, இங்கே முடியவில்லை? ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, பேக்கப் எடுத்து வைத்த டிரைவும் திறக்கவில்லை என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இந்தக் கேள்விக்கும் நிறையச் சம்பந்தம் இருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் இன்றைய டிரைவ். ஹார்ட் டிஸ்க்குக்குள்ளே கண்ணாடி போல வழவழப்பான வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று வேகத்தில் சுழலும். தட்டின் மேல் காந்தப் பூச்சு. படிக்கிற ஹெட் அந்தத் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டே படிக்கும். ஒரு சின்னத் தூசி போதும், ஹெட் போய்த் தட்டில் உரசிவிடும். அப்புறம் 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம் வரும். கேட்டவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு வயிற்றைக் கலக்கும் சத்தம் என்று.

ரெகவரி செய்பவர்கள் அந்த டிரைவைத் தூசியில்லாத அறைக்குள் வைத்துத் திறப்பார்கள். அதே மாடல் டிரைவ் இன்னொன்றை வாங்கி அதன் ஹெட்டைக் கழற்றி இதில் மாட்டுவார்கள். முதல் வேலையாகத் தட்டில் இருப்பதை அப்படியே வேறொரு டிரைவுக்குப் பிரதி எடுப்பார்கள். மீதி வேலை எல்லாம் அந்தப் பிரதியில்தான். மூலத்தில் மறுபடி மறுபடி கைவைத்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

இதில் உலகப் புகழ் பெற்ற கேஸ் கொலம்பியா விண்கலத்துடையது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா பூமிக்குத் திரும்பும்போது வானத்திலேயே சிதறியது. நம்ம கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். விண்கலத்தில் செனான் என்ற வாயுவைப் பற்றி ஒரு பரிசோதனை நடந்தது. அதன் அளவீடுகளில் ஒரு பகுதி பறக்கும்போதே தரைக்கு அனுப்பப்பட்டுவிட்டது. மீதி ஒரு சீகேட் டிரைவில் இருந்தது. சுமார் 400 எம்பிதான் அதன் கொள்ளளவு. விபத்து நடந்து ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, வற்றிப்போன ஓர் ஏரிப் படுகையில் கருகிய உலோகக் கட்டியாக அது கிடைத்தது. அமெரிக்காவில் மினசோட்டாவைச் சேர்ந்த க்ரோல் ஆன்ட்ராக் என்ற நிறுவனம் அதிலிருந்து 99 சதவீத டேட்டாவை எடுத்துக் கொடுத்தது. 2008-ல் அந்தப் பரிசோதனையின் முடிவு ஆராய்ச்சி இதழில் கட்டுரையாகவே வெளிவந்தது.

எடுத்தவர்களின் திறமையில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களே சொன்ன காரணங்கள் இரண்டு. டிரைவ் பாதிதான் நிரம்பியிருந்தது, தட்டில் குழி விழுந்த இடம் எழுதாத பகுதியில் அமைந்துவிட்டது. இரண்டாவது, அதில் ஓடியது பழைய டாஸ். டாஸ் டேட்டாவை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று சிதறவிடாமல் ஓரிடத்தில் சேர்த்து எழுதியிருந்தது. முதல் காரணம் அதிர்ஷ்டம். இரண்டாவது, எழுதும்போதே அமைந்த ஒழுங்கு. விபத்துக்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதை விபத்துக்கு முன்னால் எப்படி எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் முக்கால்வாசி தீர்மானித்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஓலைக்கு வரலாம்.

ஓலைச்சுவடி என்பது அந்தக் காலத்து டிரைவ். பனையோலையோ தாளிப்பனை ஓலையோ, பக்குவம் செய்து நறுக்கி, எழுத்தாணியால் கீறி, மேலே கரியோ இலைச்சாறோ தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டி வைப்பார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் சில நூறு ஆண்டு தாங்கும். பார்த்துக்கொள்ளாவிட்டால் கரையான், செல்பூச்சி, ஈரம், புகை என்று எதிரிகளுக்குக் குறைவில்லை. நம் ஊர் வெயிலும் மழையும் தெரிந்ததுதானே. அதனால் தலைமுறைக்குத் தலைமுறை புது ஓலையில் பிரதி எழுதியாக வேண்டும். ஒரு தலைமுறை சோம்பினால் அந்த நூல் அங்கேயே நின்றுவிடும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நூல் இன்று கையில் இருக்கிறது என்றால், இடையில் ஒரு தலைமுறைகூடச் சோம்பவில்லை என்று அர்த்தம்.

எழுத்து தெரிந்தாலும் படிக்க முடியாத கஷ்டம் வேறு. ஓலையில் புள்ளி வைக்கும் பழக்கம் இல்லை. க என்று இருந்தால் அது க-வா க்-ஆ என்று படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். ர என்ற எழுத்துக்கும் ா என்ற காலுக்கும் வித்தியாசம் கிடையாது. எ, ஏ இரண்டும் ஒன்றே. சொல்லுக்கு இடையில் இடைவெளி இல்லை, வரி முடிந்தால் மடக்கி எழுதுவதும் இல்லை. செய்யுளா உரையா என்றுகூடச் சட்டென்று தெரியாது. ஓலை முழுசாக இருந்தும், படிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் செத்துப்போன சுவடிகளும் உண்டு.

இது ஓலைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1086-ல் இங்கிலாந்தில் எழுதிய டூம்ஸ்டே புத்தகத்தின் 900-ஆம் ஆண்டையொட்டி 1986-ல் பிபிசி நாடு முழுவதும் தகவல் திரட்டி லேசர் டிஸ்க்கில் போட்டது. பதினைந்தே வருஷத்தில் அந்த டிஸ்க்கைப் படிக்கிற கருவிகள் அருகிப்போய், 2002-ல் ஓர் ஆராய்ச்சிக் குழு பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் சாஃப்ட்வேர் எழுதித்தான் அதை மறுபடி திறக்க வேண்டியிருந்தது. 1086-ல் தோலில் எழுதியதோ இன்றும் படிக்கக் கிடைக்கிறது!

சரி, ஸ்ரீவில்லிபுத்தூர்.

பெரியாழ்வாரும் ஆண்டாளும் இந்த ஊர்க்காரர்கள். திருப்பல்லாண்டையும் சேர்த்துப் பெரியாழ்வார் பாடியவை 473 பாசுரம். ஆண்டாள் திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. இவையெல்லாம் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தில் சேர்ந்தவை. இவற்றில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் பத்துப் பாட்டுக்கு ஒருமுறை வரும் முடிவுப் பாட்டில் பாடியவர் பெயரும் ஊரும் வரும். வில்லிபுத்தூர் விட்டுசித்தன் பாடியது, புதுவைப் பட்டர்பிரானின் கோதை பாடியது என்கிற மாதிரி. பல இடங்களில் எத்தனை பாட்டு என்ற எண்ணிக்கையும் சேர்ந்து வரும். பக்திக்காக அப்படி வைத்தார்கள் என்பது சரி. ஆனால் காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மொத்தம் போட்டுக் கையெழுத்து வைப்பது போல!

நம்மாழ்வாரின் திருவாய்மொழி இன்னும் ஒரு படி மேலே. அது அந்தாதி. ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். கடைசிப் பாட்டு முதல் பாட்டின் முதல் சொல்லிலேயே வந்து முடியும். லெட்ஜரில் இந்தப் பக்கத்துக் கடைசி இருப்பை அடுத்த பக்கத்தின் தொடக்க இருப்பாக எழுதுவது போல. நடுவில் ஒரு ஓலை போனால் உடனே தெரிந்துவிடும், இருப்பு ஒட்டாது.

இந்த எண்ணிக்கை வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு வைணவ மரபிலேயே ஒரு கதை இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் இருந்தார். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுக் காலம். அப்போது ஆழ்வார் பாடல்கள் பெரும்பாலும் வழக்கொழிந்து போயிருந்தன. வெளியூரிலிருந்து வந்த சிலர் கும்பகோணத்துப் பெருமாள் மேல் பத்துப் பாட்டுப் பாடினார்கள். முடிவுப் பாட்டில், ஆயிரத்தில் இவை பத்து என்று ஒரு குறிப்பு வந்தது. நாதமுனிகள் உடனே, அப்படியானால் மீதி எங்கே என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டு நம்மாழ்வாரின் ஊரான குருகூருக்குப் போனார். அங்கே மதுரகவியாழ்வாரின் பதினொரு பாட்டை பன்னீராயிரம் முறை சொல்ல, நம்மாழ்வாரே நாலாயிரத்தையும் அருளினார் என்று கதை முடிகிறது.

அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் கதையின் முதல் பாதி அசல் டேட்டா ரெகவரி. பத்துப் பாட்டு கையில் இருக்கிறது, ஆயிரம் இருக்க வேண்டும் என்று அந்தப் பத்தே சொல்கிறது, தொலைந்தது எவ்வளவு என்று தெரிந்ததால்தான் தேடல் தொடங்கியது. அந்த ஒரு எண் இல்லாவிட்டால் பத்துப் பாட்டையும் கேட்டு ரசித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

கிடைத்ததை நாதமுனிகள் என்ன செய்தார் என்பதும் முக்கியம். தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை, ஒரே ஆளிடமும் கொடுக்கவில்லை. இசையமைத்து, தன் மருமக்கள் இரண்டு பேருக்குக் கற்றுக் கொடுத்தார். இரண்டு காப்பி! அரையர்கள் தங்கள் மரபை அந்த இரண்டு பேரிடமிருந்துதான் சொல்கிறார்கள். பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, அர்த்தமும் சொல்லும் அரையர் சேவை ஒரு சில கோயில்களில்தான் தங்கியிருக்கிறது. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை, அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர்.

ஆக, பாசுரங்கள் பத்திரமாக இருந்தன. கோயிலில் தினமும் ஓதுகிறார்கள், மார்கழியில் வீட்டுக்கு வீடு பாடுகிறார்கள், ஒரு ஊரில் ஒருவர் சொல்லை மாற்றினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் திருத்துவார். ஆயிரம் டிரைவில் ஒரே ஃபைல் இருப்பது போலத்தான்.

அழிந்தது பாசுரம் இல்லை, உரை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தில் பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் உரை எழுதினார். பெரியாழ்வார் திருமொழிக்கும் எழுதினார். உரை என்பது உரைநடை. அதற்கு யாப்பு கிடையாது, எதுகை மோனை கிடையாது, அந்தாதித் தொடர்ச்சி கிடையாது, முடிவில் எண்ணிக்கையும் கிடையாது. மார்கழிக் காலையில் யாரும் அதைப் பாடிக்கொண்டு தெருவில் போகப் போவதில்லை. படித்தவர்கள் வீட்டு ஓலையில் இருக்கும், அவ்வளவுதான்.

அதற்கடுத்த நூற்றாண்டு ஸ்ரீரங்கத்துக்குப் பயங்கரமான காலம். 1311-ல் மாலிக் காபூர், 1323-ல் உலுக்கான் படை. பெருமாளையே தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள், 1371-ல்தான் திரும்பி வந்தார். 1323 தாக்குதலைப் பற்றி ஒரு கதை உண்டு. ஸ்ரீபாஷ்யத்துக்கு சுதர்சன சூரி எழுதிய ச்ருதப்ரகாசிகை என்ற உரையின் சுவடியையும், அவருடைய இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றுவதற்காக வேதாந்த தேசிகர் பிணங்களுக்கு நடுவே பிணம் போலப் படுத்துக் கிடந்து, பிறகு கர்நாடகத்தில் சத்தியாகாலம் என்ற ஊருக்குத் தப்பினார் என்று. இரண்டு குழந்தைகள், ஒரு ஓலைக்கட்டு. எதை எடுத்துக்கொண்டு ஓடுவது என்ற கேள்வி வந்தபோது பேக்கப்பும் பட்டியலில் இருந்திருக்கிறது.

இப்படி எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் வாய்க்கவில்லை. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையில் ஏறக்குறைய நானூறு பாசுரத்துக்கான பகுதி செல்லரித்துப் போயிற்று. 473-ல் நானூறு! திருப்பல்லாண்டு உரையும் கடைசிப் பக்கம் கொஞ்சமும்தான் மிச்சம். வேறு ஊரிலும் பிரதி கிடைக்கவில்லை.

அப்போதுதான் மணவாள மாமுனிகள் வருகிறார். 1370-ல் பிறந்தவர், 1443-ல் மறைந்தவர். பாண்டி நாட்டுக்காரர். கலவரத்துக்குப் பிந்தைய ஸ்ரீரங்கத்தில் சிதறிப்போன நூல்களைத் தேடிச் சேர்ப்பதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டவர். தானே உட்கார்ந்து பழைய ஏடுகளைப் பார்த்துப் பிரதி எழுதினார் என்று அவருடைய வரலாறு சொல்லும் நூல்கள் கூறுகின்றன. அவர் இந்த நானூறு பாசுரத்துக்கும் புதிதாக உரை எழுதினார்.

எப்படி முடிந்தது? பாசுரங்கள் முழுசாக இருந்தன. பெரியவாச்சான் பிள்ளையின் மற்ற உரைகள் இருந்தன, அதனால் அவர் எப்படித் தொடங்குவார், எப்படிப் பதம் பிரிப்பார், எந்த இடத்தில் எந்தக் கதையைச் சொல்வார் என்பது தெரியும். ஆசிரியர் வழியாக வாய்மொழியாக வந்த விளக்கங்களும் இருந்தன. பி.காம். பாடத்தில் 'முழுமை பெறா பதிவேடுகள்' என்று ஒரு அத்தியாயம் வருமே, அதேதான். லெட்ஜர் எரிந்துவிட்டது, ஆனால் வவுச்சர் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றால் லெட்ஜரைத் திரும்ப எழுதிவிடலாம். பாசுரம்தான் வவுச்சர்.

ஆனால் கறாராகச் சொன்னால் இதை ரெகவரி என்று சொல்லக்கூடாது. பெரியவாச்சான் பிள்ளை எழுதிய வாக்கியங்கள் திரும்பி வரவில்லை. வந்தது மாமுனிகளின் வாக்கியங்கள். இரண்டும் ஒன்றல்ல, இது அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அவர் செய்த அடுத்த காரியம் பெரியது. பழைய உரை எந்த இடத்திலிருந்து மிச்சம் இருந்ததோ, சரியாக அந்த இடத்தில் தன் உரையை நிறுத்திவிட்டார். அந்தச் சொல்லுக்கு அப்பால் ஒரு வரிகூட எழுதவில்லை என்று வைணவ மரபு பெருமையாகச் சொல்லும்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது லேசான விஷயம் இல்லை. நானூறு எழுதியவருக்கு மிச்சத்தையும் எழுதிவிடுவது ஒரு பெரிய காரியமா? மொத்தமும் ஒரே நடையாக, தன் பெயரிலேயே ஒரு முழு நூல் கிடைத்திருக்கும். இல்லையென்றால் இன்னொரு வழி: தான் எழுதியதைப் பழையவர் பெயரிலேயே சேர்த்துவிடலாம், கிடைத்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இரண்டையும் அவர் செய்யவில்லை. அதனால் இன்று படிப்பவருக்கு எது பதின்மூன்றாம் நூற்றாண்டு, எது பதினைந்தாம் நூற்றாண்டு என்று தெரிகிறது.

டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. கெட்டுப்போன டிரைவைப் பிரதி எடுக்க லினக்ஸ்காரர்கள் பயன்படுத்துவது. அது டேட்டாவை எடுக்கும்போதே பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு ஃபைலும் எழுதிக்கொண்டே போகும். எங்கிருந்து எதுவரை படித்தது, எந்த இடம் படிக்க முடியவில்லை, எந்த இடம் இன்னும் முயற்சி செய்யவில்லை என்று. படிக்க முடியாத இடத்தில் தானாக எதையும் இட்டுக்கட்டாது. அந்தக் குறிப்பு இருப்பதால்தான் நாளைக்கு இன்னொரு ஹெட் மாட்டி, விட்ட இடத்தை மட்டும் படிக்க முடிகிறது.

உ.வே.சாமிநாதையர் செய்ததும் இதுதான். 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டும் கிடைக்காத இடத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போனார். தமிழ்ப் புலமையில் அவர் நினைத்திருந்தால் ஓசை கெடாமல் நாலு சீர் போட்டு நிரப்பியிருக்க முடியும். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் செய்யவில்லை. புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவே இல்லை. இல்லை என்று எப்படித் தெரியும்? எண் போட்டிருந்ததால். செக் புத்தகத்தில் நடுவில் ஒரு தாள் காணவில்லை என்பது வரிசை எண்ணால்தானே தெரிகிறது. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. அதுவும் பெயரிலேயே கணக்கு இருப்பதால்தான் தெரிகிறது.

ராஜபாளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தெற்கே போகலாம். பெரியாழ்வார், ஆண்டாள் கதையைப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஆமுக்தமால்யத என்ற காவியமாக எழுதினார். பஞ்சு மில்களுக்கும் நாய்க்கும் பெயர் போன ராஜபாளையம், தெலுங்கு பேசும் ராஜுக்கள் நிறைந்த ஊர். அந்த ஊர்க்காரரான பன்மொழிப் புலவர் மு.கு.ஜகந்நாத ராஜா (1933–2008) அந்தக் காவியத்தைத் தமிழாக்கி சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். பக்கத்து ஊர்க் கதை ஹம்பி வரை போய், தெலுங்காகி, நானூற்றுச் சொச்சம் வருஷம் கழித்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் வந்து இறங்கியிருக்கிறது. இதைப் பேக்கப் என்று சொல்ல முடியாது. பெரியாழ்வார் பாசுரம் தொலைந்து போயிருந்தால் ஆமுக்தமால்யதவிலிருந்து ஒரு வரியைக்கூட மீட்டிருக்க முடியாது. கதை தெரியும், சொல் தெரியாது. ஆனாலும் இப்படி ஒன்று இருந்தது என்று சாட்சி சொல்ல வெளியூரில் ஒருவன் இருப்பது நல்லதுதான்.

இனி கரிவலம்.

பதினாறாம் நூற்றாண்டில் தென்காசிப் பாண்டியர் காலத்தில் இங்கே இருந்தவர் வரதுங்கராம பாண்டியர். நைடதம் எழுதிய அதிவீரராம பாண்டியரின் உறவினர். அவரும் புலவர். அவர் சேர்த்து வைத்திருந்த சுவடிகள் பிற்காலத்தில் கரிவலம் கோயிலுக்கு வந்து சேர்ந்தன. அரசரே புலவர், அரண்மனையே நூலகம் என்றால் என்னென்ன இருந்திருக்கும்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவடி தேடி அலைந்த உ.வே.சா. இதைக் கேள்விப்பட்டுக் கரிவலத்துக்கு வந்தார். 'என் சரித்திரம்' நூலில் இதை எழுதியிருக்கிறார். கோயிலைச் சேர்ந்தவரிடம் சுவடிகளைப் பற்றிக் கேட்டார். பழைய ஏடுகள் எல்லாம் குப்பை கூளமாகக் கிடந்தன, அவற்றைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து அக்கினியில் இட வேண்டும் என்று ஆகமத்தில் சொல்லியிருக்கிறதாம், அதன்படி குழி வெட்டி ஹோமம் செய்துவிட்டோம் என்ற மாதிரி பதில் வந்தது. சொன்னவருக்கு அதில் குற்ற உணர்ச்சியே இல்லை. மரியாதையாகத்தான் செய்திருக்கிறார்கள். உ.வே.சா.வுக்கு வயிறு எரிந்தது. ஆற்றில் விடுவதும் நெருப்பில் இடுவதும் புதுப் பிரதி எழுதி முடித்த பிறகு பழைய ஓலைக்குச் செய்யும் மரியாதையாக ஒரு காலத்தில் இருந்திருக்கலாம். பிரதி எழுதுவது நின்றுபோய், மரியாதை மட்டும் தொடர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

கரையான் தின்றது என்றால்கூட நாலு ஓலை மிஞ்சும், அந்த நாலிலிருந்து ஏதாவது கண்டுபிடிக்கலாம். உ.வே.சா.வுக்கு முன்பே 1887-ல் கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்து சி.வை.தாமோதரம் பிள்ளை, ஏட்டைத் தொட்டால் ஓரம் உதிர்கிறது, புரட்டினால் துண்டாகிறது என்று முன்னுரையில் புலம்பியிருக்கிறார். அப்படி உதிர்ந்த ஏட்டை வைத்துக்கொண்டே அவர் பதிப்பித்தார். கரிவலத்தில் உதிர்வதற்குக்கூட ஒன்றும் இல்லை. என்னென்ன எரிந்தது என்று உ.வே.சா.வால் ஒரு பட்டியல் கொடுக்க முடியவில்லை. புறநானூற்றின் 267 மாதிரி இங்கே காலியாக விட ஒரு எண்ணும் கிடையாது.

அரசர் சேர்த்த நூலகத்தின் பலவீனமே அதுதான் என்று தோன்றுகிறது. எல்லாம் ஒரே இடத்தில். ரெய்டு என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் முறை 1988-ல் பெர்க்லியில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையால் பிரபலமானது. அதன் சூத்திரம் நம் கணக்குப் பாடம்தான். மூன்று டிரைவ், முதல் இரண்டில் எண்கள், மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை மாதிரி ஒன்று. எந்த ஒரு டிரைவ் போனாலும் மற்ற இரண்டை வைத்துக் கழித்தால் வந்துவிடும். ஆனால் மூன்று டிரைவும் ஒரே பெட்டிக்குள் இருந்து பெட்டியே எரிந்தால் எதிலிருந்து எதைக் கழிப்பது?

கரிவலத்தின் எல்லாமும் போய்விடவில்லை. அந்த ஊர்ச் சிவன் மேல் மூன்று நூல்கள் உண்டு: திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி, திருக்கருவை வெண்பா அந்தாதி, திருக்கருவைக் கலித்துறை அந்தாதி. அதிவீரராம பாண்டியர் பாடியவை என்பார்கள், வரதுங்கர் பாடியவை என்பாரும் உண்டு. பதிற்றுப்பத்தந்தாதிக்குக் குட்டித் திருவாசகம் என்றே பெயர். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் புலவர்கள் வரை பாடமாக வைத்திருந்த நூல், ஊர் ஊராக ஏட்டில் இருந்த நூல். மூன்றும் அந்தாதி, மூன்றும் நூறு நூறு பாட்டு. கோயில் குழியில் நெய்யோடு எது எரிந்ததோ தெரியாது, இவை மூன்றும் அச்சாகி இன்றும் கிடைக்கின்றன.